கழுத்தில் எடுத்த மூன்று நெறிகள்

என் நாக்கின் வலது ஓரத்தில் ஒரு சின்னப் புண் இரண்டு மாதமாக ஆறாமல் கிடந்தது. கடைவாய்ப் பல் உரசுகிறது என்று நானே முடிவு செய்து, அதை ராவிக்கொள்ளப் பல் டாக்டரிடம் போனேன். தாராவியில் தோல் பை செய்யும் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாகக் கட்டர் வேலை பார்க்கிறேன். அத்தனை வருடமும் கன்னத்தோரம் புகையிலையும் சுண்ணாம்பும் அடக்கியிருக்கிறேன். பல் டாக்டர் விளக்கை அருகில் இழுத்துப் பார்த்தார். பல்லை ராவவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு துளி சதையைக் கிள்ளிப் பார்த்ததில் புற்று என்று வந்தது. ஆரம்பக் கட்டம்தான், இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை என்றார் டாக்டரம்மா. சின்ன வயதுக்காரர், ஹிந்தியில் நிதானமாகப் பேசினார். நாக்கில் புண்ணையும் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல சதையையும் வெட்டி எடுத்துவிடலாம். யோசிக்க வேண்டியது கழுத்தைப் பற்றித்தான். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அதேபோன்ற நெறிகள் கழுத்திலும் வரிசையாக இருக்கின்றன. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம்.

இரண்டு வழி சொன்னார். வலப்பக்க நெறிகளை இப்போதே மொத்தமாக எடுத்துவிடுவது ஒன்று. இல்லையென்றால், நாக்கிலிருந்து வடியும் நீர் முதலில் போய்ச் சேரும் இரண்டு மூன்று நெறிகளை மட்டும் கண்டுபிடித்து எடுத்துச் சோதிப்பது. அவை சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொட வேண்டாம். இல்லையென்றால் இன்னொரு ஆபரேஷன்.

மொத்தமாக எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். தோளுக்குப் போகும் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது, காப்பாற்றப் பார்ப்போம், இருந்தாலும் சிலருக்குக் கையைத் தூக்கச் சிரமமாகிவிடும் என்றார். நான் வெட்டுவது வலது கையால்.

வீட்டில் என் மனைவி கேட்டாள். "ஒரேயடியா எடுத்துப் போட்டுட்டு வந்தா என்ன? ரெண்டாவது வாட்டியும் உங்கள அந்த ரூமுக்குள்ள அனுப்பிட்டு வெளிய உக்கார என்னால ஆவாது."

"கை வெளங்காமப் போச்சுன்னா?"

"நான் மாட்டுங்காவுல இன்னும் ரெண்டு வீடு சமையலுக்குப் பிடிச்சுக்கிடுதேன்."

அவள் சொன்னது எனக்கு அவமானமாக இருந்தது. முதல் நெறிகளை மட்டும் எடுங்கள் என்று மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டில் ஒருவர் கோபத்திலிருந்து இன்னொருவர் விலகி நிற்க இடம் கிடையாது. தண்ணீர் மோக்கப் போனாலும் அவள் தோளை உரசித்தான் தாண்ட வேண்டும்.

ஆபரேஷன் அன்று காலை நாக்கில் புண்ணைச் சுற்றி நாலு ஊசி போட்டார்கள். கதிர்வீச்சு மருந்தாம், அது எந்த நெறிக்குப் போகிறது என்று ஒரு இயந்திரம் பார்க்கும். படுக்க வைத்துத் தலையைப் பட்டையால் கட்டினார்கள். மேலிருந்து ஒரு பெரிய தட்டு இறங்கி, என் மூக்குக்கு மேல் நாலு விரல் தூரத்தில் நின்றது. அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். மூச்சு முட்டியது. எழுப்பிவிடுங்கள் என்று கத்தப் பார்த்தேன். ஊசி போட்ட நாக்கு மரத்துப்போய் வாய்க்குள் கட்டையாகக் கிடந்தது. வெறும் முனகல்தான் வந்தது. யாரும் வரவில்லை. நான் செய்த தப்பையெல்லாம் எண்ணி முடிக்கும்வரை தட்டு அப்படியே நின்றது.

கண் விழித்தபோது மூக்கில் குழாய், கழுத்தில் கட்டு. சிறுநீர் வடியும் பை பச்சையாக இருப்பதைப் பார்த்து என் மகள் பயந்துபோனாள். நெறியை அடையாளம் காணப் போட்ட நீலச் சாயம் கலந்து வருகிறது, போய்விடும் என்றாள் நர்ஸ்.

பகலில் மகள்தான் துணைக்கு இருந்தாள். சயானில் காலேஜ் படிக்கிறாள். பேச முடியாததால் எனக்கு ஒரு நோட்டு வாங்கித் தந்தாள். தலையணையை உயர்த்து என்று முதலில் எழுதினேன். அவள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தமிழ் அவளுக்குப் பேச வரும், படிக்க வராது. ஹிந்தி எனக்குப் பேச வரும், எழுத வராது. எழுத்துச் சொல்லித் தர வருடக்கணக்காக நேரம் இருந்தும் நான் சொல்லித் தரவில்லை. அவள் நோட்டை போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புவாள். மாட்டுங்காவில் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில் நின்று மனைவி அதைப் படித்துச் சொல்வாள். தலையணை உயர அரை மணி நேரம் ஆகும்.

பத்தாம் நாள் முடிவு கேட்கப் போனோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. டாக்டரம்மா காகிதத்தை விரித்து வைத்தார். மூன்று நெறிகள் எடுத்தார்கள். ஆபரேஷன் நடந்தபோது அவசரமாகப் பார்த்ததில் மூன்றும் சுத்தம். பிறகு மெல்லிசாகச் சீவிச் சீவிப் பார்த்தபோது ஒன்றில் மட்டும் ஒரு பொட்டு, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால் மிச்ச நெறிகளையும் எடுத்தாக வேண்டும்.

நான் நோட்டில் எழுதினேன்: "நரம்புக்கு உறுதி சொல்லுங்கள். இல்லையென்றால் ஆபரேஷன் வேண்டாம்."

மகள் படம் எடுத்து அனுப்பி, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். "அம்மா, என்ன எழுதிருக்காரு, டாக்டர்கிட்டயே சொல்லு."

கொஞ்ச நேரம் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு என் மனைவி தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னாள். "எல்லாத்தையும் எடுத்துருங்கன்னு எழுதியிருக்காரு. கை வந்தாலும் வராட்டாலும் சரின்னு எழுதியிருக்காரு."

நான் மேஜையைத் தட்டினேன். இல்லை என்று தலையை ஆட்டினேன். வாயிலிருந்து குளறல்தான் வந்தது, எச்சில் சட்டையில் வடிந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா, என்ன?" என்றாள். அந்த அறையில் நான் எழுதியதைப் படிக்கக்கூடியவர் எவருமில்லை.

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சித்தப்பா முறை வைத்துக் கேட்டார். "காகா, உங்க மனசுல இருக்கிறது அதுதானா? உங்க சம்மதம்தான் முக்கியம். நரம்பைக் காப்பாத்த முழு முயற்சி பண்ணுவேன். உறுதி தர முடியாது."

போன் இன்னும் அணையவில்லை. அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. குக்கரை யாரோ அணைத்துவிட்டிருந்தார்கள். சரி என்று தலையசைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள். "ஆமா, மாத்தித்தான் சொன்னேன். ஏசணும்னா எழுதிக் காட்டுங்க, படிக்கேன்."

நோட்டை மூடி வைத்தேன். எழுத நினைத்ததெல்லாம் கோபமாகவும் இல்லை, நன்றியாகவும் இல்லை.

இரண்டாவது ஆபரேஷனில் எடுத்த நெறிகள் எதிலும் நோய் இல்லை. ஒருவகையில் வீணாகத்தான் எடுத்தார்கள். எடுக்காமல் அதைத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. நரம்பு அறுபடவில்லை. ஆனாலும் தோள் இறங்கிவிட்டது. தினமும் சுவரில் விரலால் ஏறி ஏறி, ஒரு வருடத்தில் கை காது உயரம் வந்திருக்கிறது. பட்டறையில் வெட்டும் மேஜைக்கு வேறு ஆள். நான் உட்கார்ந்து தையல் சரிபார்க்கிறேன். பேச்சில் சில எழுத்துகள் வழுக்குகின்றன, போனில் பேசினால் இரண்டு தடவை கேட்கிறார்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரம்மா என் கழுத்தின் இரு பக்கமும் விரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் எங்காவது ஒரு கணம் கூடுதலாக நின்றால் எனக்கு அந்த அறையில் காற்று இல்லாமல் போகும். அடுத்தது வியாழக்கிழமை. வேலை பார்க்கும் வீடுகளில் மனைவி லீவு சொல்லிவிட்டாள்.