பதினோராம் பாகத்தில் திரும்பி வந்த கை

அந்தக் காமிக்ஸ் வீரன் பிறவியிலேயே இடதுகைக்காரன் என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முதலில் கிடைத்தது எட்டாம் பாகம். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் லாரியில் வேலை பார்த்தபோது, கீரனூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் வடை மடித்துக் கொடுக்க வைத்திருந்த பழைய தாள்களுக்கு நடுவே கிடந்தது. அட்டை இல்லை. முகமூடி போட்ட ஒருவன் ஒற்றை இடது கையால் ஏழெட்டுப் பேரைச் சாய்த்துக்கொண்டிருந்தான். அடுத்து ஒரு பரோட்டாக் கடையில் பத்தாம் பாகம் கிடைத்தது. அதற்கும் பிறகு எங்கோ மூன்றாம் பாகம். அதில் அவன் வலது கையால் அடித்தான். அச்சடிக்கும்போது படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வேலை கிடைத்த ஊரில் எல்லாம் இருந்து பார்த்தவன் நான். எனக்குக் கதைகள் வரிசையாகக் கிடைத்ததில்லை.

முழுக்கதையையும் வரிசையாகப் படித்தது இந்த வருஷம் கோட்டைப்பட்டினத்தில். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள். அந்த வேலைக்குப் போயிருந்தேன். அங்கே எனக்கு ஒரு நண்பர் உண்டு. கேரளாவில் ஒரு துறைமுகத்தில் நாங்கள் இருவரும் ஐஸ் உடைத்திருக்கிறோம். பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் எனக்கு மாப்ள பட்டம் கொடுத்திருந்தார்.

தடைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாய்க்கு விபத்து. வலையை இழுக்கும் வின்ச்சில் கயிறு சுற்றும்போது வலது கையும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மிச்ச விரல்கள் இருந்தன, பிடிதான் இல்லை. படகு மறுபடி கடலுக்குப் போகும்போது வின்ச் வேலை அவருக்கே என்று டிரைவர் சொல்லியிருந்தார். படகை ஓட்டுகிற அவர்தான் ஆட்களைச் சேர்ப்பவரும். பாய் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "கை செட்டாயிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டீ கிளாஸ் அந்தக் கையிலிருந்து நழுவுவதை அவருடைய மனைவியும் நானும்தான் பார்த்திருந்தோம். பிடி இல்லாத கையோடு வின்ச் முன்னால் நின்றால் அடுத்த தடவை விரலோடு போகாது. உண்மையைச் சொன்னால் படகில் இடம் போய்விடும். அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

மத்தியான வெயிலில் பெயின்ட் வேலை நடக்காது. அவர் வீட்டில் போய்ப் படுப்பேன். ஒரு நாள் அவர் மனைவி பெட்டியைச் சுத்தம் பண்ணும்போது, குவைத்தில் இருக்கும் தன் அண்ணனுடைய புத்தகக் கட்டை எடுத்து வெளியே வைத்தார். பதிமூன்று பாகங்களும் வரிசையாக, தடித்த நூலால் தைக்கப்பட்டிருந்தன. அட்டையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

பாய்க்குப் படிக்கத் தெரியும். ஆனாலும் என்னைத்தான் படிக்கச் சொன்னார். நான் படித்தால் சண்டைச் சத்தமும் சேர்ந்து வரும்.

கதை நேராகத்தான் ஆரம்பிக்கிறது. மலை மேல் சண்டைப் பள்ளி நடத்தும் குருவைக் கொன்றுவிடுகிறார்கள். சீடன் முகமூடி போட்டுக்கொண்டு பழிவாங்கக் கிளம்புகிறான். உள்ளங்கையால் தொட்டாலே சுவர் விரிசல் விடும் சக்தி அவனுக்கு உண்டு. நான்காம் பாகத்தில் பழிவாங்குவதை மறந்துவிட்டு நகரத்துத் திருடர்களைப் பிடிக்கிறான். ஆறாம் பாகத்தில் எதிரிகளின் தலைவனாகக் குருவே வந்து நிற்கிறார்.

"இரு மாப்ள," என்றார் பாய். "மொதப் புஸ்தகத்துல இவருக்குக் கொள்ளி வச்சதே இவன்தானே?"

"ஆமா."

"அப்ப எரிச்சது யாரையாம்?"

"பின்னால சொல்வாய்ங்க பாய்."

"நீதான் பின்னால உள்ளதெல்லாம் படிச்சிருக்கியே. சொன்னாய்ங்களா?"

"இல்ல."

சமையலறையிலிருந்து அவர் மனைவி சிரித்தார். "அண்ணே, பொணம் மாறிப்போச்சுன்னு சொல்லி முடிங்க. அவரு விடமாட்டாரு."

கதை இப்படித் தள்ளாடினாலும் படம் தள்ளாடவில்லை. அந்த வயதில் அடியை மட்டும் பார்த்திருக்கிறேன். இப்போது பார்த்தால் ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் ஒரு கட்டம் தரையைக் காட்டுகிறது. சேறா, மணலா, ஈரத் தளமா என்று நமக்குத் தெரிந்த பிறகுதான் கால் ஊன்றுகிறது. கால் ஊன்றிய பிறகுதான் கை கிளம்புகிறது. அடி விழுவதைப் பல இடங்களில் வரையவே இல்லை. கை கிளம்பும். அடுத்த கட்டத்தில் எதிராளியின் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடக்கும். லாரியிலும் துறைமுகத்திலும் நிஜச் சண்டைகளைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் அப்படித்தான், செருப்பு மட்டும் கிடக்கும்.

ஏழாம் பாகத்தில் ஒரு மாவு மில்லின் பல்சக்கரத்தில் வீரனின் வலது கை சிக்கித் துண்டாகிறது. அந்தப் பாகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. படித்துக்கொண்டே போனவன் நிறுத்திவிட்டேன். இவன் பிறவி இடதுகைக்காரன் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாய் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து அவரே பார்த்தார்.

"கரெக்டா வரஞ்சிருக்கான்," என்றார். "மொதல்ல வலிக்காது. மூஞ்சியப் பாரு. என்னமோ சத்தம் கேட்டாப்புல பாக்குறான்ல? அப்படித்தான் இருக்கும்."

அடுத்த மூன்று பாகங்களும் அந்தக் கதையின் உச்சம். இப்போதும் அடித்துச் சொல்வேன். உலகத்தைக் காப்பாற்ற வந்தவன் இடது கையால் கச்சை கட்டத் தெரியாமல் ஒரு பக்கம் முழுக்க நிற்கிறான். கதவின் தாழ்ப்பாள் தப்பான பக்கம் இருக்கிறது. சின்னப் பசங்களிடம் அடி வாங்குகிறான். பிறகு, உள்ளங்கைச் சக்தி இல்லாமலே, கால் வைக்கிற இடத்தை மாற்றி மாற்றிச் சண்டையைத் திரும்பக் கற்றுக்கொள்கிறான். பாய் அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னார். ஒரே ஒரு குறை சொன்னார்.

"சோறு எந்தக் கையில திங்கிறான்? அத மட்டும் காட்டவே மாட்டேங்கிறாய்ங்களே."

அவர் இடது கையால் சாப்பிட மறுத்துவிட்டவர். கட்டைவிரலாலும் மோதிர விரலாலும் சோற்றைத் தள்ளி எடுப்பார். பாதி தட்டுக்கே திரும்பும். மனைவி ஊட்ட வந்தால் கோபம் வரும். அந்தக் காமிக்ஸை வரைந்தவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் அது அவருக்குத் தோன்றவில்லை.

பதினோராம் பாகத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே வீரன் வலது கையை ஓங்கிக்கொண்டு பாய்கிறான். அதன்மேல் இரும்புக் கையுறை. கை எப்படி வந்தது, யார் வைத்தது, ஒரு வரி இல்லை. கூட இருக்கிறவர்களும் கேட்கவில்லை.

"முன்னாடி ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கா பாரு," என்றார் பாய்.

"கிழியல."

"நல்லாப் பாரு."

"தைச்சது தைச்சபடி இருக்கு பாய்."

புத்தகத்தை வாங்கிக் கோரைப்பாயின்மேல் போட்டார். "மூணு புஸ்தகமா நாய் படாத பாடு பட்டான். ஒரு இரும்பு ஒறைய மாட்டுனா எல்லாம் சரியாப் போச்சாமா? எவன் நம்புவான்?"

அவர் மனைவி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "கேக்குறதுக்கு ஆளு இல்லாட்டி நம்பித்தானே ஆகணும்," என்றார்.  பாய் அதற்குப் பிறகு கதை கேட்க வரவில்லை.

மிச்சத்தை நான் தனியாகப் படித்தேன். வானத்திலிருந்து கப்பல் வருகிறது. குரு மறுபடி நல்லவராகிச் சாகிறார். கதை எழுதியவர் மாறிவிட்டார் என்பது என் ஊகம். வரைந்தவர் மாறவில்லை, தரையைக் காட்டும் கட்டம் அப்படியே வருகிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. கடைசி மூன்று பாகங்களிலும் அந்த இரும்புக் கையை அவர் முடிந்தவரை கட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறார், இல்லாவிட்டால் புகைக்குள் மறைக்கிறார். முன்னால் தெரிவதெல்லாம் இடது கைதான். கதை என்ன சொன்னாலும் அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. குப்பையாகிப்போன கதையிலும் ஒரு மனிதர் பக்கத்துக்குப் பக்கம் இப்படி ஒதுங்கி நின்று வேலை செய்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

தடை முடிய இரண்டு நாள் இருந்தது. பாயிடம் அந்தப் பக்கங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அப்ப வரையிறவனுக்குத் தெரிஞ்சிருக்கு, அது பொய்யின்னு," என்றார். புத்தகத்தை மூடிவிட்டு, "டிரைவர் இப்ப எங்கிட்டு இருப்பாரு?" என்று கேட்டார்.

டிரைவர் படகில் இன்ஜினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பாய் கையை நீட்டிக் காட்டினார். "அண்ணே, இதுல பிடி இல்ல. வின்ச்சுல நிக்க முடியாது."

டிரைவர் துணியில் கை துடைத்தார். "இத இன்னைக்கு வந்து சொல்றியே, போன மாசம் வாயில என்ன வச்சிருந்த? இனி வின்ச்சுக்கு ஆளுக்கு எங்கிட்டுப் போவேன்?" நிறையத் திட்டினார். பாய் நின்று வாங்கிக்கொண்டார். திட்டி முடித்த டிரைவர் அலைபேசியில் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு திரும்பி, "வலை வாங்குறப்ப சுக்கானப் பிடிச்சுக்க ஆளு வேணும். பிடிப்பியா?" என்றார்.

"பிடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேண்ணே."

"பங்கு கொறையும்."

"கொறையட்டும்."

தடை முடிந்து முதல் தடவை கடலுக்குப் போய் அவர் திரும்பி வந்தபோது நான் கரையில் இருந்தேன். இடது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அவர் மனைவி அதில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, தட்டில் சோற்றைப் போட்டு, எதிரே உட்கார்ந்தார். பாய் தன் வலது கையையும் தட்டையும் பார்த்துவிட்டு, "சரி, இன்னைக்கு ஊட்டி விடு," என்றார்.