எண்ணூறு ரூபாய்ப் போணி

என் கடைக்கு மாடியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் விலையைக் கேட்டதும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள். "இத்துனூண்டு சில்லுக்கு ஐயாயிரமா?" நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைதான், மறுக்கவில்லை. கையில் பிடித்தும் விளையாடலாம், டிவியில் மாட்டியும் விளையாடலாம் என்கிற கன்சோலுக்கான கேம் அது. வாரக்கணக்கில் விளையாடினாலும் தீராது. தியேட்டரில் பாப்கார்னுக்கு வாய் திறக்காமல் காசு கொடுக்கிற மனிதர், என் கவுண்டருக்கு வந்ததும் பொருளாதார நிபுணர் ஆகிவிடுவார். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கம் சொல்வேன். பிறகு, "வேணும்னா எடுங்க, வேண்டாட்டி விடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

கடை சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. காலையில் திறப்பவர் என் மாமனார். ஸ்ரீரங்கத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். பித்தளையோ எவர்சில்வரோ, தராசில் வைத்து எடைக்கு விலை சொல்லியே காலத்தை ஓட்டியவர். அதை மூடிய பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், நான் சமையலை முடித்துவிட்டு வரும்வரை என் கடையைப் பார்த்துக்கொள்வார், நான் வந்த பிறகும் மாடிப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். யாராவது வந்தால், "மருமக இப்ப வந்துடும், உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டுவார். விற்பது என் வேலை.

அன்று நான் போனபோது சாமி படத்துக்கு முன்னால் இடம் காலியாக இருந்தது. முந்தின நாள் வந்த புது கேமை அங்கேதான் வைத்திருந்தேன். எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. காட்டூரில் இருக்கும் ஒரு நர்ஸ் முழுப் பணமும் கட்டியிருந்தாள். அன்றைக்கே குவைத்துக்கு வேலைக்குப் புறப்படுகிறாள், நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு அப்படியே ஏர்போர்ட் போவதாகச் சொல்லியிருந்தாள். பத்திரமாக இருக்க வேண்டிய எதையும் சாமியிடம் வைப்பது என் பழக்கம்.

"மாமா, இங்க இருந்த கேம் எங்க?"

"போணி ஆயிடுச்சும்மா" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. பாத்திரக்கடையில் புதுச் சரக்கு வந்தால் ஒன்றை எடுத்துச் சாமி முன்னால் வைத்து, மறுநாள் முதல் வியாபாரமாக அதைத்தான் கொடுப்பார்களாம். நானும் அதற்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"எவ்வளவுக்குக் குடுத்தீங்க?"

"எண்ணூறு."

வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். வயதுக்கு மரியாதை கொடுத்து விழுங்கினேன். "யாருக்கு?" என்று மட்டும் கேட்டேன். நல்லவேளை, பழைய வியாபாரி. யார் வந்தாலும் எந்தத் தெரு, எந்த வீடு என்று விசாரிக்காமல் விடமாட்டார். ஸ்ரீரங்கத்தில் மேல அடையவளஞ்சான் வீதி, தண்ணீர் டேங்குக்கு எதிர்வீடு. ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். "போணியைப் போய்த் திருப்பிக் கேக்கவா போறே?" என்றார். ஸ்கூட்டரை எடுத்தேன். அவரும் பின்னால் ஏறிக்கொண்டார்.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. எனக்கு முன்னால் நின்ற டவுன் பஸ் புகையை என் முகத்தில் விட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் முழுப் பணம் வாங்கிய சரக்கை வேறு ஆளுக்கு விற்றவள் என்ற பேர் வந்துவிட்டால், இந்த ஊரில் என்னை நம்பி யார் முன்பணம் கொடுப்பார்கள்? முன்பணம் வந்தால்தான் நான் சரக்கே எடுக்க முடியும். கோபத்தில் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன்.

கதவைத் திறந்தவருக்கு முப்பது வயது இருக்கும். உள்ளே டிவியில் அதே கேம் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் மேலுறை கிழிந்து சோபாவில் கிடந்தது. நடந்ததைச் சொல்லி, எண்ணூறை நீட்டி, கேமைக் கேட்டேன்.

"வித்தது வித்ததுதானே மேடம்? அதுவும் போணி" என்றார். "ஒண்ணு சொல்லவா? இதுக்கெல்லாம் ரெண்டாயிரத்துக்கு மேல விலை வைக்கவே கூடாது. போன்ல எத்தனையோ கேம் சும்மாவே கிடைக்குது."

"அப்ப போன்லயே விளையாடுங்க சார். உங்களை யாரு மாடியேறச் சொன்னது?"

"கோவப்படாதீங்க. நான் ரெண்டாயிரம்னுதான் கேட்டேன். ஐயாதான் வேண்டாம், எண்ணூறு போதும்னார்."

நான் மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டாயிரம் குடுக்க வந்தவங்ககிட்ட எண்ணூறா? ஏன் மாமா?"

தணிந்த குரலில் சொன்னார். "எடை இல்லாத பொருள்மா. அதுக்கு ரெண்டாயிரமே பாவம். நீ ஐயாயிரம் வாங்குறே. படியிறங்குறவன் ஒவ்வொருத்தனும் கொள்ளைக்காரின்னு சொல்லிட்டுப் போறான். காதுல வாங்கிக்கிட்டுத்தான் தினமும் உக்காந்திருக்கேன். ஒருத்தனாவது உன்னை வாழ்த்திட்டுப் போகட்டும்னு குடுத்தேன்."

எட்டு மாதமாக என் கடையைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றி வைத்தவர் என்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டே அதையெல்லாம் செய்திருக்கிறார். யாரோ ஒருவன் வீட்டுக் கூடத்தில் நின்று அதைத் தெரிந்துகொள்கிறேன். அழுகை வந்தது. அழுதுவிடக் கூடாதே என்பதற்காகக் கத்தினேன்.

"என் அடக்கமே நாலாயிரத்து அறுநூறு மாமா! எனக்கு நிக்கிறது நானூறு. அதுலதான் வாடகை, கரண்டு எல்லாம்!"

அவர் பதறிக் கையை உயர்த்தினார். அடக்க விலையை வாடிக்கையாளர் காதில் விழச் சொல்லும் வியாபாரி உலகத்தில் கிடையாது. பாத்திரக்கடையில் பெற்ற பிள்ளைகளிடம்கூட அதைச் சொல்லமாட்டார் என்று என் கணவர் சொல்வார். நான் மூன்றாம் மனிதன் முன்னால் போட்டு உடைத்துவிட்டேன். அதனால்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். உயர்த்திய கை மெல்ல இறங்கியது. "நானூறா?" என்றார். "நானூறுதானா?"

பிறகு அந்த மனிதர் பக்கம் திரும்பினார். "தம்பி, என் வாழ்நாள்ல போணியைத் திருப்பி வாங்குனதில்லை. இன்னிக்குக் கேக்குறேன். அதை எடுத்துக் குடுத்துடுங்க."

அவர் கும்பிட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்த ஆளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். அட்டையைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். எண்ணூறை மேஜைமேல் வைத்தேன். பிரித்த பெட்டி என்று நர்ஸிடம் உள்ளதைச் சொல்லி, கட்டிய பணத்தில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

வெளியே வந்து ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினேன். மாமனார் ஏறாமல் நின்றார். என்னால் அடக்க முடியவில்லை.

"எட்டு மாசம் மாமா. அந்த விலை நியாயமான்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கலாம்" என்றார். "கேட்டு, நீ நியாயமில்லைன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் எந்த வீட்டுல போய்ச் சாப்பிடுவேன்?"