செருப்பைக் கொடுத்துவிட்டேன்

துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டிய நாட்களில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எண்ணூர் சாலையில் லாரி வரிசை நின்றுவிட்டால் இறங்கி நடந்துபோய், முன்னால் என்ன அடைப்பு என்று பார்த்து, நாலு பேரைத் திட்டிவிட்டு வருவேன். நான் திட்டி ஒரு லாரியும் நகர்ந்ததில்லை.

அன்று மாலை ஆறு மணிக்குள் கன்டெய்னர் பெட்டி துறைமுகத்துக்குள் போகாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். என் வேலையும் கூடவே போய்விடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். வழக்கம்போல நான் ஆய்வு முடித்துத் திரும்புவதற்குள் வரிசை நகர்ந்து, என் லாரிக்கு முன்னால் மூன்று லாரிகள் புகுந்திருந்தன.

பின்னால் இருந்த டிரைவர் தலையை நீட்டினார். “இன்னா நைனா, நீ போய்ப் பாத்தா கப்பல் இங்க வந்துடுமா? உன் வண்டிய யாரு ஓட்றது?”

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அடுத்த தடவையும் இறங்குவேன் என்று எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். “ஹார்பர் கேட்டாண்ட போனதும் குடு மாமு. நடுவுல நானே வந்து கேட்டாலும் குடுக்காத.”

மே மாதத் தார் ரோடு. இரண்டு முறை கால் தானாக இறங்கியது. சுட்டதும் தானாக ஏறிக்கொண்டது. மனசு மட்டும் முன்னால் ஓடி ஓடிப் பார்த்தது. அதை ஒவ்வொரு முறையும் இழுத்துவந்து ஸ்டியரிங்கில் உட்கார வைத்தேன்.

ஐந்தரைக்குப் பெட்டி உள்ளே போனது. முன்னால் என்ன அடைப்பு என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.