கோப்பை வென்ற நாளில் விதைக்காத கடலை

வாசகர்களே, நீங்கள் சாட்சி. சென்ற ஆடியில் பட்டிமன்ற இறுதிச் சுற்றில் நான் வென்ற கோப்பையைப் பற்றி, இதே பத்தியில் மூன்று வாரம் முழங்கினேன். ஒன்றை மட்டும் மறைத்துவிட்டேன்.

போட்டிக்கு முதல்நாள்தான் திருமங்கலத்துக்கு மேற்கே விதைப்பு மழை பெய்திருந்தது. என் அக்காவின் கணவர், அதாவது என் மச்சான், உரித்த விதைக்கடலையோடு தயாராக நின்றார். மழையை மட்டுமே நம்பிய மானாவாரிக் காடு, ஆண்டுக்கு ஒரே வெள்ளாமை. நானோ, "முதல் வரிசையில் நீங்கள் இல்லாமல் நான் பேசுவதா?" என்று அவரைக் காரில் ஏற்றி மதுரைக்கு அழைத்து வந்துவிட்டேன். போட்டி, விருந்து, பாராட்டு விழா என்று நான்கு நாள் போயிற்று. காட்டில் ஈரமும் போயிற்று. அடுத்த மழைக்கு ஆவணி பிறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் விதைத்தார்.

"ஏன்டா, உன் கோப்பைக்குள்ள கடலை காய்க்குமா?" என்றாள் அக்கா.

மேடையில் எவருக்கும் சளைக்காத நான்... கோப்பையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

தவறிய ஆடிப்பட்டத்தைத் திருப்ப முடியாது. முளைத்த செடியையாவது தேற்றலாமா? வேளாண்மை அலுவலகத்தில் விசாரித்தேன். காய்க்குள் பருப்பு திரள, டிஏபி, அம்மோனியம் சல்பேட், போராக்ஸ் உரங்களைக் கரைத்து, விதைத்த இருபத்தைந்தாம் நாளும் முப்பத்தைந்தாம் நாளும் இலைமேல் தெளிக்கச் சொன்னார்கள். "தெளிப்பது நானே!" என்று அறிவித்தேன்.

பக்கத்துக் காட்டுப் பால்பாண்டி அண்ணன் ஆடியிலேயே விதைத்தவர். மருந்தடிக்கும் டேங்கும் தோளுமாக நான் வந்த கோலத்தைப் பார்த்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தம்பி, காய் கெடக்கது மண்ணுக்குள்ள. நீங்க எலையில அடிக்கிறீக. வயித்துவலிக்குத் தலையில தைலமா?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். தெளிப்புக் குழாய் முனையில் நாசில் அடைத்துக்கொண்டது. முதல்நாளே ஊறவைத்து வடிகட்ட வேண்டிய டிஏபியை அப்படியே கொட்டியிருந்தேன்!

"மாப்ள, நடுவர் மணி அடிச்சுட்டாரு... எறங்கு!" — மச்சானும் சேர்ந்துகொண்டார்.

இறங்குவேனா? மாலையே ஊறவைத்தேன். மறுநாள் விடிந்ததும் வடிகட்டித் தெளித்தேன். பத்து நாள் கழித்து மீண்டும் ஒருமுறை. தோள் கன்றிப்போனது.

போன வாரம் பிடுங்கினோம். முன்பே அறுவடை முடித்திருந்த பால்பாண்டி அண்ணன், வேட்டி மடியில் தன் கடலையோடு வந்தார். செடிவாரியாகக் கணக்குப் பார்த்தால் அவருக்குத்தான் காய் அதிகம். ஒப்புக்கொள்கிறேன்.

"உடைச்சுப் பாப்பம்ணே" என்றார் மச்சான்.

பத்துக்குப் பத்து உடைத்தோம். அவருடையதில் நான்கு பொக்கு. கூட்டுக்குள் வெறும் காற்று. எங்களுடையதில்? ஒன்றே ஒன்று! மற்ற ஒன்பதிலும் பருப்பு கூட்டை முட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் ஒரு பருப்பை நிதானமாக மென்றார். "அடுத்த வெள்ளாமைக்கு... அந்தத் தைலத்த நம்ம காட்டுக்கும் தடவி விடுங்க தம்பி."

கோப்பையைத் தூக்கிய அன்றுகூட என் நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை. காய் எத்தனை என்பதைக் காலம் தீர்மானிக்கிறது. காய்க்குள் என்ன என்பதைக் கவனிப்பு தீர்மானிக்கிறது. எது பெரிது என்று தலைப்புக் கொடுங்கள், எந்த அணியிலும் பேசுவேன்!

அக்கா விடவில்லை. "அம்புட்டும் சரிடா. காலத்தோட விதைச்சு, இதையும் அடிச்சிருந்தா?"

நடுக்காட்டில் நின்று, மேடைக் குரலிலேயே சொன்னேன்: "அடுத்த ஆடியில் மழை விழுந்த மறுநாள், எந்த ஊர் மேடையில் என் பெயரை அழைத்தாலும் ஒரே பதில்தான் வரும் — அவர் கடலை விதைக்கப் போயிருக்கிறார்!"