பட்டாளத்தார் வீட்டுக்கு வழி

கண்ணாடி மேல் வைத்த சந்தனம் காயும்போது முதலில் ஓரம் வெளுக்கும், பிறகு நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல் விழும், அதற்கப்புறம் விரல் பட்டாலே பொருபொருவென்று உதிரும். அந்தப் பொருபொருப்பு இருபது வருடங்களுக்கு மேலாக என் மோதிர விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றும் மகனுக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கும்போது ஒரு நொடி கை நின்றுவிடும். வைக்கலாமா, வைத்தால் ஏதாவது ஆகிவிடுமா என்று யோசித்துவிட்டுத்தான் வைப்பேன். இதற்கெல்லாம் காரணம் என் அப்பாவைப் பெற்ற தாத்தா. பட்டாளத்துக்குப் போனவர். நான் அவரைப் பார்த்ததில்லை, அப்பாவும் பார்த்ததில்லை.

மண்ணூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே இரண்டு சுவர்களில் படங்கள் மாட்டியிருந்தன. ஒரு சுவர் இறந்தவர்களுடையது. அந்தப் படங்களுக்குச் சந்தனம் குங்குமம் உண்டு, போகியன்று புதுத்துணி வைத்து இலை போட்டுப் படைக்கும்போது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் உண்டு. எதிர்ச்சுவர் உயிரோடு இருப்பவர்களுடையது. அப்பா அம்மாவின் கல்யாணப் படமும் மொட்டைத் தலையோடு நான் அழுகிற படமும் அதில் இருந்தன. தாத்தாவும் அந்தச் சுவரில்தான் இருந்தார், சற்றே சாய்ந்த தொப்பியும் இருபத்து நான்கு வயது முகமுமாக, பொட்டில்லாமல். புதிதாக வருகிறவர்கள் அவரை அப்பாவின் தம்பி என்று நினைத்துக்கொள்வார்கள்.

சீனாவோடு சண்டை மூண்டபோது அப்பா வயிற்றில் இருந்தாராம். தாத்தாவைக் காணவில்லை என்று வந்த தாளை ஊர்ப் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் படித்துச் சொன்னார். பிறகு வந்த தாளில், இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று இருந்தது. அதில் கைநாட்டு வைக்கச் சொன்னபோது தாத்தாவின் மனைவி, அதாவது எங்கள் ஆயா, "காணோம்னா தேடணும், பொதைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அப்பாவுக்கு மீசை அரும்பும் வயதில் அவர் இறந்தபோது, மஞ்சளும் பூவும் தாலியுமாகச் சுமங்கலியாகவே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு காத்திருக்கும் வேலை அப்பாவுக்கு வந்தது. தாத்தாவின் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் யாரும் "ச்சு" கொட்டக்கூடாது.

தாத்தா எழுதியதில் ஒரே ஒரு கடிதம் மிஞ்சியிருந்தது. பாரா நிற்கும்போது தூக்கம் வராமலிருக்க மனசுக்குள்ளேயே ஊருக்கு நடந்து வருகிறேன் என்று அதில் எழுதியிருந்தார். மெயின் ரோட்டில் இறங்கி, இரட்டைப் புளியமரத்தில் திரும்பி, ஏரிக்கரை மேலேயே நடந்து, மதகைத் தாண்டி, பெரிய கிணற்றுக்குப் பக்கத்துச் சந்தில் நுழைந்தால் நம் வீடு, கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்துவிடுவேன் என்று. அப்பாவுக்கு அது மனப்பாடம். புளியமரம், ஏரிக்கரை, மதகு, கிணறு என்ற நான்கும் இருக்கும்வரை அவர் எப்போது வந்தாலும் வீடு சேர்ந்துவிடுவார் என்பது அப்பாவின் நம்பிக்கை.

எனக்கு ஒன்பது வயதானபோது அந்த நான்கில் இரண்டு ஒரே வருடத்தில் போயின. ரோட்டை அகலப்படுத்த இரட்டைப் புளியமரத்தை வெட்டினார்கள்; ஏரிக்கரைப் பாதையின் குறுக்கே புதுக் கம்பெனி ஒன்றின் காம்பவுண்டுச் சுவர் எழும்பியது. ஊரில் எல்லோரும் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, அப்பா மட்டும் வழி அடைபட்டுப் போகிறதே என்று தவித்தார். அவருக்கும் கம்பெனி வேலைதான், இருங்காட்டுக்கோட்டையில் உதிரிபாகம் செய்யும் இடத்தில். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு மெயின் ரோடுவரை போவார். அங்கிருந்து புதிதாக வருகிறவரைப் போல மெதுவாகத் திரும்பி வருவார். எங்கே குழப்பம் வரும் என்று பார்க்கத்தான். நானும் கேரியரில் இருந்தபடி, இங்கே நின்று திகைப்பாரோ, இந்தச் சந்தில் தப்பாகத் திரும்பிவிடுவாரோ என்று கவலைப்படக் கற்றுக்கொண்டேன்.

ரோட்டோர டீக்கடைக்காரரிடம் அப்பா சொல்லிவைத்திருந்தார்: "வயசானவரு யாரானா வந்து பட்டாளத்தாரு வூடு எதுன்னு கேட்டா, நேரா இட்டுக்கினு வந்துடு."

"உங்கப்பா வந்தா மொதல்ல ஒரு டீ போட்டுக் குட்த்துட்டுத்தான் அனுப்புவேன். பாவம், சீனாலேர்ந்து நடந்து வர்றவராச்சே" என்பார் கடைக்காரர். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

கடைசியில் அப்பா ஒரு டப்பா சிவப்பு பெயின்ட் வாங்கிவந்து, வாய்க்கால் பாலத்துச் சுவரில் "பட்டாளத்தார் வீடு" என்று எழுதி அம்புக்குறி போட்டார். அது தாத்தாவைக் கொண்டுவரவில்லை, அதை மெஸ் போர்டு என்று எடுத்துக்கொண்ட, ரூம் தேடி அலைந்த தெற்கத்திப் பையன்களைக் கொண்டுவந்தது. "அண்ணாச்சி, மெஸ்ஸு இதானா? சாப்பாடு மட்டும் போதும்னாலும் குடுப்பீயளா?" என்று பையும் கையுமாக வாசலில் நிற்பார்கள். அம்மாவுக்குக் கோபம் வரும். ஆனால் கதவு தட்டும் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவாமல் எழுந்து ஓடியதைத்தான் நான் மறக்கவில்லை.

அந்த வருடப் போகிக்கு அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்கா, தாத்தா கடைசியாக லீவில் வந்துபோனபோது அத்தைக்கு மூன்று வயது; தாத்தாவின் பூட்ஸ் சத்தம் நினைவிருப்பதாகச் சொல்வார். படையல் இலையில் வைக்க உப்புப் போடாமல் வடை தட்டிக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

"நீ பாக்காத அப்பனுக்கு நீ காத்துக்கினு கீற. பாத்தவ நான் சொல்றேன், அவரு வர மாட்டாருடா. எல்லாருக்கும் எலை போட்டுட்டு அவர மட்டும் தாகத்தோட அலையவுட்டா நம்ம குடும்பம் வெளங்குமா?"

"அம்மாவே வெக்காத கைநாட்ட நான் வெக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அப்பா கிணற்றடிக்குக் குளிக்கப் போய்விட்டார். அத்தை முணுமுணுத்தபடி வாழையிலை அறுக்கப் போனார்.

"தாகத்தோட" என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். அல்லது அவர்கள் சண்டையை நிறுத்தவேண்டும் என்று நினைத்தேனா, எல்லாப் படங்களும் அழகாக இருக்க இது மட்டும் வெறுமையாக இருக்கிறதே என்று தோன்றியதா, இன்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். நெற்றியில் தொப்பி மறைக்காத இடமாகப் பார்த்துச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, இறந்தவர்களோடு வரிசையில் நிறுத்தினேன். நன்றாகத்தான் இருந்தது.

ஈரத் துண்டோடு உள்ளே வந்த அப்பா அப்படியே நின்றார். சந்தனம் அதற்குள் காய்ந்து வெளுத்திருந்தது. அத்தை, "கொழந்த கையால ஆயிடுச்சு, இதோட வுட்ரா" என்றார். அப்பா துண்டு முனையால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். சட்டத்தின் இடுக்கில் உதிர்ந்து விழுந்த துளி மட்டும் எவ்வளவு நோண்டியும் வரவில்லை. படத்தைப் பழைய சுவரில் மாட்டிவிட்டு என்னிடம், "அவரு வந்து, இன்னாம்மா இது, என்னைச் சாவடிச்சிட்டியான்னு கேட்டா, நீதான் பதில் சொல்லணும்" என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. விளையாட்டாகக்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு பஸ்ஸிலிருந்து இறங்கும் வயதானவர் ஒவ்வொருவரையும் நான் பதில் தயாரித்துக்கொண்டுதான் பார்த்தேன். வகுப்பில், கல்யாண மண்டபத்தில், பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அந்தப் பதில் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது நாங்கள் படப்பையில் இருக்கிறோம், இரண்டாவது மாடி. மண்ணூர் வீடும் ரோட்டுக்குப் போய்விட்டது. அம்மா இறந்த பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். மண்ணூரில் பகலில் கதவைச் சாத்தியதே கிடையாது. இங்கே நான் தாழ்ப்பாளை மூன்று முறை தொட்டுப் பார்க்கிறேன். ஐந்து வயது மகன் தினமும் ஸ்கூல் வேனில் ஏறுமுன் அட்ரஸை ஒப்பிக்கவேண்டும். பிள்ளையைப் பயமுறுத்துகிறேனோ என்று வேன் போன பிறகு தோன்றும், மறுநாளும் ஒப்பிக்கச் சொல்வேன்.

மார்கழியில் ஒருநாள் அப்பா சொல்லாமல் ஷேர் ஆட்டோ ஏறி ஊரைப் பார்க்கப் போய்விட்டார். மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. ஸ்கூட்டரில் போய்த் தேடிக் கண்டுபிடித்தபோது, ஒரு குடோன் வாசலில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றிருந்தார். மதகு இல்லை, கிணற்றைத் தூர்த்திருந்தார்கள், அம்புக்குறி போட்ட பாலத்தின் மேல் நான்கு வரி ரோடு ஓடியது. "அங்கியே பொறந்த எனக்கே வழி தெர்லம்மா" என்றார்.

இந்தப் போகியன்று காலையில் அவரே படத்தைக் கழற்றித் துடைத்து, சந்தனக் கிண்ணத்தோடு என் முன்னால் வைத்தார். "நீயே வையி." இடுக்கில் அந்தப் பழைய துளி அப்படியே இருந்தது.

என் கை எழவில்லை. "வந்துட்டாருன்னா?" என்று கேட்டேன். தாத்தாவுக்கு இப்போது எண்பதுக்கு மேல் ஆகியிருக்கும் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார் அப்பா.

வைத்தேன். முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி வந்திருந்த அத்தை, "இருவது வருசம் லேட்டுடா" என்று மூக்கை உறிஞ்சினார். இலை போட்டு, புது வேட்டி வைத்து, கற்பூரம் ஏற்றி, அப்பா வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கடைசியில் முதன்முறையாகத் தாத்தாவின் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தாமல், "படப்பை பஸ் ஸ்டாண்டுல எறங்குப்பா. எதுத்தாப்ல மெடிக்கல் ஷாப்பு. மூணாவது தெரு, ரெண்டாவது மாடி" என்றார்.

"படைக்கிறவருக்கு எதுக்குடா பஸ் ஸ்டாண்டு?" என்றார் அத்தை.

"வர்றவருக்கு வழி தெர்ய வாணாமாக்கா?"

"பச்சை கலர் கேட்டு" என்று என் மகன் விட்டுப்போனதைச் சேர்த்தான், தினமும் ஒப்பிக்கிற அதே குரலில்.

நான் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்தேன்.