எதிர்க்கட்சியில் நடைப்பயிற்சி

வெள்ளைத்துரை எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்திலேயே மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முப்பத்தெட்டு வருஷமாக ஒரே கட்சி, அதில் பதினாறு வருஷமாக வட்டப் பிரதிநிதி. அம்புட்டுத் தெரிந்தால் போதும். தொழில், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. கருகிப்போன மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே மோந்து பார்த்து என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். உட்கார்ந்த இடத்திலிருந்தே என்பதுதான் வினையாகப் போயிற்று.

பங்குனி மாதம் சுகர் பார்த்ததில் வெறும் வயிற்றில் இருநூற்று நாற்பது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"மாத்திரைய அது பாட்டுக்குப் போட்டுக்கிட்டு இருங்க. காலையும் சாயங்காலமும் நடக்கணும். ஒரு மாசம் டைம் தாரேன். நூத்தம்பதுக்குக் கீழ வரலைன்னா இன்சுலின் ஊசிதான்."

வெள்ளைத்துரைக்கு வேர்த்துவிட்டது. பதினோரு தடவை மறியலில் கைதானவர் அவர். ஒவ்வொரு தடவையும் கல்யாண மண்டபத்தில் அடைத்து, எலுமிச்சைச் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் ஊசி வேறு. கொரோனா காலத்தில் வார்டுக்கே முன்னின்று தடுப்பூசி முகாம் நடத்தி, நானூறு பேரை வரிசையில் நிறுத்திவிட்டு, தன் முறை வந்ததும் நாற்காலியோடு சரிந்தவர். அதுவாவது இரண்டு ஊசியோடு போயிற்று. இது தினமும், தன் வயிற்றில் தானே குத்திக்கொள்ள வேண்டுமாம். அன்று ராத்திரி அவர் சாப்பிட்டது அரைத் தோசை.

மகள் தமிழ்ச்செல்வி அப்பாவுக்குக் கைக்கடிகாரம் ஒன்றை ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தாள். எத்தனை எட்டு நடந்தோம் என்று அது எண்ணுமாம். நேரமும் காட்டும். சம்சாரம் சீனியம்மாள் டவுன்ஹால் ரோட்டுக்குக் கூட்டிப்போய் ஷூ வாங்கிக் கொடுத்தார். "வாக்கிங்கா சார், ரன்னிங்கா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "கட்சி வேட்டியோட போட்டா நல்லாருக்குமா, அதைச் சொல்லுங்க" என்றார் வெள்ளைத்துரை. நல்லாயில்லை என்பது கண்ணாடியில் தெரிந்தது. சீனியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கடிகாரத்துக்கு மட்டு மரியாதை கிடையாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எந்திரி என்று மணிக்கட்டைப் பிடித்து உதறும். வட்டக் கழகக் கூட்டத்தில் தலைவர் பெயரை ஒருவர் உச்சரித்த நேரம் பார்த்து உதறியது. வெள்ளைத்துரை பதறி எழுந்தார். பதினாறு வருஷப் பிரதிநிதியே எழுகிறாரே, வாசலில் யாரோ பெரிய ஆள் வந்துவிட்டார் போல என்று மண்டபமே எழுந்து நின்று கையைத் தட்டியது. வாசலில் டீக்காரர் நின்றிருந்தார்.

சரி, நடக்கலாம் என்று இறங்கினால், ஆரப்பாளையத்தில் தெரிந்த மனுஷன் சும்மா நடக்க முடியுமா? பத்து எட்டு வைப்பதற்குள், "அண்ணே, எங்கிட்டு?" என்று ஒருவர். "சும்மா நடக்கேன்" என்றால் யாரும் நம்புவதில்லை. பைக்கில் போகிறவர் நிறுத்தி, "ஏறுங்கண்ணே, விட்டுர்றேன்" என்று கையைப் பிடித்து இழுக்கிறார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார். ஏறினால் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் போகிறார். நாலாம் நாள், வெள்ளைத்துரை வண்டியை விற்றுவிட்டார், கடையும் முங்கிப்போச்சு என்று பேச்சு வந்துவிட்டது. கொழுந்தியாள் டி.கல்லுப்பட்டியிலிருந்து போன் போட்டு, சீனியம்மாளிடம் அழுதாள். கடிகாரத்தைப் பார்த்தால் எண்ணூற்றுப் பத்து.

அந்த நேரத்தில் தேர்தல் வந்தது.

தேர்தல் என்றால் நடைதானே என்று வெள்ளைத்துரை சந்தோஷப்பட்டார். ஆனால் அவர் கட்சியில் பிரச்சாரம் சாயங்காலம். அதுவும் சீனியர் என்று மரியாதை செய்து வேனில் ஏற்றிவிட்டார்கள். இறங்கினால் திரும்பத் தூக்கி ஏற்றினார்கள். தெருவுக்குத் தெரு ரோஸ்மில்க் வேறு. வட்டச் செயலாளர் தங்கப்பாண்டி, நாற்பது வயது, மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் மூத்தவர் வெள்ளைத்துரை அவர்களே வருகிறார்" என்று முழங்கினான். வெள்ளைத்துரை வந்தார், வேனில்.

எதிர்க்கட்சி காலையில் கிளம்பியது. கடை திறக்கும்போது அவர் தெரு வழியாகத்தான் போனார்கள். முன்னால் தப்பு மேளம், பின்னால் கொடி, நடுவே வேட்பாளர் கும்பிட்டபடி நடக்கிறார். சீரான வேகம். யாரும் யாரையும் எங்கிட்டுப் போறே என்று கேட்கவில்லை. பைக்கில் ஏறு என்று கையைப் பிடித்து இழுக்கவில்லை. வெள்ளைத்துரை பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு மாதத்தில் பதினோரு நாள் போய்விட்டது. வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

தலையில் துண்டைப் போட்டார், மாஸ்க்கை மாட்டினார், கூட்டத்தின் வாலில் சேர்ந்துகொண்டார். தெரு முக்கு வரைக்கும்தான் என்று நினைத்தார். முக்கு பெத்தானியாபுரத்தில் போய் முடிந்தது. ஏழாயிரத்து முந்நூறு! கடிகாரத்தில் பட்டாசு வெடிப்பது போலப் படம் வந்தது. கட்சியில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தும் அவருக்காக யாரும் பட்டாசு வெடித்ததில்லை.

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாள் யாரோ கையில் நோட்டீஸ் கட்டைத் திணித்தார்கள். வெள்ளைத்துரைக்குக் கையில் நோட்டீஸ் இருந்தால் சும்மா இருக்கத் தெரியாது. வீடு வீடாக ஏறி, "மறந்துறாமப் போட்டுருங்கம்மா" என்று கொடுத்துவிட்டார். சின்னத்தைச் சொல்லவில்லை, ஆகவே துரோகம் இல்லை என்று படி இறங்கும்போது மனசுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டார். மாடி வீடுகளை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். படியேறினால் இருதயத்துக்கு நல்லது என்று தமிழ்ச்செல்வி சொல்லியிருந்தாள்.

இப்படிப் பதினெட்டு நாள் போயிற்று. மாட்டிவிட்டது நடை இல்லை, பிரியாணி.

ஊர்வலம் முடிந்ததும் பொட்டலம் கொடுப்பார்கள். வெள்ளைத்துரை தொடமாட்டார். மோர் மட்டும் குடித்துவிட்டு நைசாக நழுவிவிடுவார். அந்தக் கட்சியில் ஆள் திரட்டுகிறவர் சின்னக்கருப்பன். கூட்டத்துக்கு வருகிறவர்களை நாற்பது தேர்தலாகப் பார்த்தவர். பிரியாணிக்காக வருகிறவனை அவர் நம்புவார். இரண்டு பொட்டலம் கேட்கிறவனை இன்னும் அதிகமாக நம்புவார். தினமும் வருகிறான், மாடிப்படியெல்லாம் ஏறுகிறான், பொட்டலம் வேண்டாம் என்கிறான் என்றால், அவன் வேறு எங்கேயோ சாப்பிடுகிறான் என்றுதானே அர்த்தம்?

"பெருசு, மாஸ்க்கக் கழட்டு" என்றார்.

வெள்ளைத்துரை கழற்றினார். போட்டோ எடுத்துவிட்டார்கள். கையில் எதிர்க்கட்சி நோட்டீஸ், காலில் புது ஷூ, முகத்தில் முழி. பத்து நிமிஷத்தில் அது எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டது. 'வேவு பார்க்க வந்த வட்டப் பிரதிநிதி' என்று அவர்கள் போட்டார்கள். 'விலை போன வட்டப் பிரதிநிதி' என்று இவர்கள் போட்டார்கள்.

மறுநாள்தான் ரத்தப் பரிசோதனை. ஊசிக்குக் கண்ணை மூடிக்கொண்டு, சீனியம்மாள் கையை நெரித்துக்கொண்டு ரத்தம் கொடுத்தார். நூற்று நாற்பத்திரண்டு. "நல்லா நடந்திருக்கீங்க, இப்படியே விடாம நடங்க" என்றார் டாக்டரம்மா. வெள்ளைத்துரைக்கு அழுகையே வந்துவிட்டது. சீனியம்மாளும் மூக்கை உறிஞ்சினார்.

கடைக்கு வந்தால் வாசலில் நாலு பைக். தங்கப்பாண்டி உள்ளே நின்றிருந்தான், உட்காரவில்லை.

"கட்சிக் கார்டைக் குடுங்கண்ணே. மாவட்டத்துல சொல்லிட்டாக."

"தம்பி, நான் நடக்கத்தான்யா போனேன். சத்தியமா."

"எதிர்க்கட்சிலயா வாக்கிங்கு? காதுல பூச் சுத்தாதீங்க."

வெள்ளைத்துரை போனை எடுத்து, கடிகாரம் எழுதி வைத்திருந்த கணக்கைத் திறந்து காட்டினார். நாள்வாரியாக இருந்தது. காலை: ஏழாயிரம், ஏழாயிரத்து எண்ணூறு, எட்டாயிரம். சாயங்காலம், சொந்தக் கட்சியில்: நானூறு, முந்நூற்று இருபது, ஒருநாள் தொண்ணூறு. தங்கப்பாண்டி ரொம்ப நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"அப்ப நம்ம கட்சியில இருந்தா நடக்கவே வேண்டாம்ங்கிறீங்க?"

"நான் சொல்லலைப்பா. மெசின் சொல்லுது."

அவன் முகம் மாறவில்லை. கையை நீட்டியபடியே நின்றான். வெள்ளைத்துரை சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். மூலை மழுங்கிப்போன அட்டை. கல்யாணத்தன்றும் அவர் பையில் கட்சி அட்டை இருந்தது. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இருந்தது. ஊசியை விட இது வலித்தது. கொடுத்துவிட்டு, மேசையில் கிடந்த காயில் கம்பியை எடுத்துச் சுற்றத் தொடங்கினார்.

தங்கப்பாண்டி அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். கூட வந்தவர்களிடம் ஏதோ சொன்னான். பைக் எல்லாம் கிளம்பிப் போயின. ஒன்று மட்டும் நின்றது. அவன் திரும்ப உள்ளே வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ரிசல்ட்டு எம்புட்டுண்ணே?"

"நூத்தி நாப்பத்திரெண்டு. ஒரு மாசத்துல நூறு இறங்கிருக்கு."

தங்கப்பாண்டி வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான்.

"எனக்கு முந்நூத்திப் பத்துண்ணே. வீட்டுல கூடச் சொல்லல. திங்கக்கிழமையிலருந்து ஊசின்னுட்டாக. எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே கை காலெல்லாம் வெலவெலத்துப் போகுது." ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டான். "காலையில அவுக எத்தன மணிக்குக் கிளம்புறாக?"

வெள்ளைத்துரை அவனையே பார்த்தார். நாற்பது வயதுதான், பாவம். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு, சட்டைப் பொத்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்தது. இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மேசையை இரண்டு விரலால் தட்டினார்.

"முதல்ல அட்டைய இங்கிட்டு வை. மணி அப்புறம் சொல்றேன்."