டீ அசையாமல் நிற்கும் வரை

நாகலூர் டீக்கடையில் ஏற்காடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். நரைத்த மீசை, சாயம் போன கம்பெனித் தொப்பி. டம்ளரைப் பெஞ்சில் வைத்து, டீ அசையாமல் நின்ற பிறகே குடித்தார். ஏனென்று கேட்டேன்.

“வெளிநாட்டுல எண்ணெய்க் கெணத்துக் கழிவுத் தண்ணிய மோட்டார் வெச்சுப் பூமிக்கடியில எறக்கறது நம்ம வேலைங்க. எறக்க எறக்க அந்த ஊருல நிலம் அடிக்கடி ஆடுச்சு. பக்கத்து ஊட்டம்மா பயந்து வந்து கேட்டாங்க. ‘ஒண்ணுமில்லீங்க’ன்னு சொல்லிப்போட்டனுங்க.”

“தண்ணியாலதான் ஆடுதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியுமுங்க.”

“அந்தம்மா?”

“நம்பிட்டாங்க.”

பஸ் வந்து நின்ற அதிர்வில் டீ மறுபடி அசைந்தது. அவர் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். நாக்கு நுனிக்கு வந்தது அந்த ‘ஒண்ணுமில்லீங்க’தான். சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.